தரைமட்டமான ஊரைப் பார்க்கப் போவது எப்படி?

ஐரோப்பாவின் பழைய நகரங்களைக் குடும்பத்தோடு சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவருக்குப் பாதி வேலையை அந்த நகரங்களே முடித்துக் கொடுத்துவிடுகின்றன. ரோமிலோ பிராகிலோ ரயிலை விட்டு இறங்கி நாலு தெரு நடந்தால் கோபுரமும் பாலமும் மதிலும் தாமே கண்ணில் படுகின்றன. வரலாறு ஒரு வரிகூடத் தெரியாமல் போனவரும் பார்த்துவிட்டோம் என்ற நிறைவோடு திரும்பலாம். தூத்துக்குடி மாவட்டத்தின் ஓட்டப்பிடாரத்தைச் சுற்றி எட்டயபுரம், கோவில்பட்டி, கழுகுமலை, கயத்தாறு என விரியும் கரிசல் வட்டாரத்தில் இந்த வசதி கிடையாது. ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இரண்டு மணி நேரப் பயணத் தொலைவுக்குள் அடங்கிக் கிடந்தாலும், அதில் பெரும்பகுதி தரைக்கு மேலே நிற்கவில்லை. இந்த வட்டாரத்தின் மிகப் புகழ்பெற்ற கோட்டை வென்றவர்களால் மண்ணோடு மண்ணாக்கப்பட்டது; மிகப் பழைய ஊர் தாழிகளாகப் பூமிக்குள் புதைந்திருக்கிறது; மிக அழகிய கோயிலோ கட்டி முடிக்கப்படாமலே நிற்கிறது. ஆகவே இங்கே வருகிற குடும்பம் எந்த இடத்தை எதற்கு முன்னால் பார்ப்பது, பார்க்குமுன் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லி வைப்பது என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். தங்குமிடமும் வண்டியும் அதற்குப் பிறகு வருகிற விஷயங்கள்.

ஐரோப்பியப் பயணத்தின் திட்டமிடல் பெரும்பாலும் காகித வேலை. 'ஷெங்கன் விசா' என்பது ஐரோப்பாவின் 29 நாடுகள் தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்டு பொதுவாக வழங்கும் நுழைவு அனுமதி. அதைக் கொண்டு எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள் வரை அந்நாடுகளுக்குள் இருக்கலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்கப் போகிறார்களோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், ஊர்களின் வரிசையையும் ஒவ்வொன்றிலும் தங்கும் நாட்களையும் விசாவுக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டியிருக்கிறது. 2024 ஜூன் மாதத்திலிருந்து பெரியவருக்கு 90 யூரோவும், 6 வயது நிரம்பி 12 வயது நிரம்பாத பிள்ளைக்கு 45 யூரோவும் கட்டணம். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். இவ்வளவும் செய்து போய்ச் சேர்ந்தபின் பாரிசின் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை அடைத்திருக்கும், பிளாரன்சின் உஃபீசி திங்கட்கிழமை அடைத்திருக்கும் என்பன போன்ற சிறு கணக்குகள் தொடரும். ஓட்டப்பிடாரத்துக்கு இவை எதுவும் வேண்டாம். வேண்டியது பருவம் பற்றிய கணக்கு ஒன்றுதான்; அதில்தான் பலர் தவறுகிறார்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறை ஐரோப்பாவின் வசந்தத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. அதே விடுமுறை கரிசலுக்கு முற்றிலும் ஒவ்வாதது. கரிசல் என்பது ஈரம் பட்டால் உப்பி ஒட்டிக்கொள்வதும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிப்பதுமான கறுப்புக் களிமண். சித்திரை வெயிலில் பிள்ளையின் பாதம் நுழையும் அகலத்துக்கு அது பிளந்து கிடக்கும். நிழலுக்கு உடைமரத்தையும் பனையையும் விட்டால் வேறு மரம் அரிது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் அதே மண் செருப்பின் அடியில் அப்பிக்கொண்டு அடிக்கு அடி கனம் கூடும். மழை பெய்த மறுநாள் வாடகை வண்டியைத் தார்ச்சாலையை விட்டு இறக்கினால் டிராக்டர் வைத்துத்தான் இழுக்க நேரும். அரையாண்டு விடுமுறையின் கடைசி நாட்களும் பொங்கல் விடுமுறையும்தான் ஏற்ற காலம். அப்போது மழை ஓய்ந்திருக்கும்; உளுந்தும் பாசியும் சோளமும் கம்பும் வயலில் நிற்கும்; காலை வேளையில் வெயில் உறைக்காது. மே மாதத்தில் பாஞ்சாலங்குறிச்சியில் நடைபெறும் வீரசக்கதேவி கோயில் திருவிழாவுக்கென்றே வருவோர் தனி ரகம். கூட்டத்தையும் காவல்துறைக் கட்டுப்பாடுகளையும் எதிர்பார்த்தே அவர்கள் வருகிறார்கள். கைக்குழந்தையோடு ஊர் பார்க்க வருவோர்க்கு அந்த நாட்கள் உகந்தவை அல்ல.

தங்குவதற்கு ஓட்டப்பிடாரத்தைவிடக் கோவில்பட்டியோ தூத்துக்குடியோ வசதியானவை. சென்னையிலிருந்து இரவில் புறப்படும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் இரண்டு ஊர்களிலும் நிற்கிறது. முதல் இரண்டு இரவைக் கோவில்பட்டியிலும் மூன்றாவதைத் தூத்துக்குடியிலும் கழித்தால் ஒரே சாலையில் திரும்பத் திரும்ப அலைய வேண்டியதில்லை. ஐரோப்பாவில் ஒரு நகரத்துக்கு ஓர் இரவு என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் குடும்பங்களுக்கு அனுபவசாலிகள் சொல்லும் அறிவுரையும் இதுவே.

பாஞ்சாலங்குறிச்சி: இல்லாததைப் பார்ப்பது

பயணத்தின் நடுநாயகமான இடம் ஓட்டப்பிடாரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாஞ்சாலங்குறிச்சி. இங்கே போகுமுன் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கி முன்கதையைச் சொல்லிவிட வேண்டும்; இல்லாவிட்டால் அவர்கள் பார்ப்பது வண்ணம் பூசிய ஒரு புதுக் கட்டடமாகவே முடிந்துபோகும்.

பாளையம் என்பது மதுரை நாயக்கர் ஆட்சியில் உருவான நிர்வாகப் பிரிவு. அதன் தலைவரான பாளையக்காரர் தம் எல்லைக்குள் வரி தண்டி, காவல் செய்து, மேலாட்சிக்குத் தேவைப்படும்போது படை திரட்டிக் கொடுக்கும் கடமையுள்ளவர். ஆர்க்காட்டு நவாபு தமக்குரிய வரி வசூல் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தபின், அந்த வரியைக் கேட்டு நின்ற கம்பெனிக்கும் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மனுக்கும் மூண்ட பகை 1798இல் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தபோது கைகலப்பாக வெடித்தது. 1799 செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மேன் தலைமையில் கம்பெனிப் படை கோட்டையைத் தாக்கியது. கட்டபொம்மன் தப்பிப் புதுக்கோட்டைப் பகுதிக்குப் போய், அங்கே பிடிபட்டு, அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் மற்றப் பாளையக்காரர்கள் கூட்டி வைக்கப்பட்ட நிலையில் விசாரிக்கப்பட்டு, அன்றே தூக்கிலிடப்பட்டார்.

பெரும்பாலான குடும்பங்களுக்குக் கதை இத்துடன் முடிகிறது. 1959இல் வெளிவந்த திரைப்படமும் இத்துடன் முடிந்தது ஒரு காரணமாக இருக்கலாம். கோட்டையின் கதையில் வியப்புக்குரிய பகுதியோ இதற்குப் பின்தான் தொடங்குகிறது. பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் அவர் கூட்டத்தாரும் 1801 பிப்ரவரி 2ஆம் நாள் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிக்கப்பட்டிருந்த கோட்டையைச் சில நாட்களுக்குள் மீண்டும் எழுப்பினர். மார்ச் 31ஆம் நாள் அதைப் பிடிக்க வந்த கம்பெனிப் படை பெருத்த சேதத்துடன் பின்வாங்கியது. கர்னல் அக்னியூ தலைமையில் கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்தபின், மே 24ஆம் நாள்தான் கோட்டை வீழ்ந்தது. அந்தப் போரில் இளம் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் எதிரியான ஊமைத்துரையை மதிப்போடு எழுதியிருக்கிறார். அவர் தரும் கணக்கின்படி கோட்டை ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்ட ஒழுங்கற்ற நாற்கரம். மதில் முழுவதும் மண்.

இந்த அளவைப் பிள்ளைகளிடம் சொல்லி, முடிந்தால் அங்கேயே காலடியால் அளந்து பார்க்கச் சொல்லலாம். ஒரு பெரிய பள்ளி மைதானத்தைவிட அதிகம் பெரியதல்லாத மண்கோட்டை, இந்தியாவின் பெரும் சமஸ்தானங்களை வீழ்த்திக்கொண்டிருந்த படையை மூன்று மாதத்துக்கு மேல் வெளியே நிறுத்தியது எப்படி என்ற கேள்வி அப்போதுதான் அவர்களுக்கு எழும். விடை ஓரளவு காலடியிலேயே இருக்கிறது. கல் மதிலில் விழும் பீரங்கிக் குண்டு கல்லைச் சிதறடித்து வழி திறந்துவிடும். பசைமிக்க களிமண்ணைக் குழைத்து அடித்த மதிலிலோ குண்டு புதைந்து நின்றுவிடும். இரவில் ஆட்கள் கூடி மண் அப்பிவிட்டால் விடிவதற்குள் ஓட்டை அடைபட்டுப் போகும். நடப்பவரின் செருப்பைப் பிடித்து இழுக்கும் அதே மண்தான் மதிலாக நின்றது.

வெற்றிக்குப் பின் கம்பெனி கோட்டையைத் தரைமட்டமாக்கியது. இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்ற செய்தி இன்றும் வட்டாரத்தில் வழங்குகிறது. பாளையத்தின் நிலங்கள் எட்டயபுரம் உள்ளிட்ட, கம்பெனிக்குத் துணைநின்ற பாளையங்களுக்குப் பங்கிடப்பட்டன. ஊமைத்துரை அதே ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் இங்கேயே தூக்கிலிடப்பட்டார். இன்று காணப்படும் நினைவுக்கோட்டை 1974இல் தமிழ்நாடு அரசு கட்டியது. உள்ளே கட்டபொம்மன் வரலாற்றை வரிசையாகக் கூறும் ஓவியங்கள் இருக்கின்றன. அருகிலேயே, அரசு தொல்லியல் துறை 1968-69இல் அகழ்ந்து வெளிக்கொணர்ந்த பழைய கட்டட அடித்தளங்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. வருகிறவர்களில் பலர் நினைவுக்கோட்டை வாசலில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் 1801இன் மிச்சம் கணுக்கால் உயரத்துக்கு நிற்கும் அந்தச் செங்கல் வரிசைகளே. வந்த நேரத்தில் பெரும்பங்கை அவற்றுக்குக் கொடுப்பதே முறை. கோட்டைக்குச் சற்றுத் தள்ளி, இப்போர்களில் மாண்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகளும் இருக்கின்றன.

நினைவுக்கோட்டை பழையதல்ல, ஆகவே பார்க்கத் தக்கதல்ல என்று முகம் சுளிப்போரும் உண்டு. அவர்களுக்கு ஐரோப்பாவிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. போலந்தின் தலைநகரான வார்சாவின் பழைய நகரம் 1944 எழுச்சிக்குப் பின் ஜெர்மானியப் படையால் திட்டமிட்டுத் தகர்க்கப்பட்டது. இன்று பயணிகள் வியந்து பார்க்கும் வீதிகள் போருக்குப் பின் கட்டப்பட்டவை. பதினெட்டாம் நூற்றாண்டில் பெல்லோட்டோ என்ற இத்தாலிய ஓவியர் தீட்டிய நகரக் காட்சிகளையும், போருக்கு முன் எடுக்கப்பட்ட அளவு வரைபடங்களையும் வைத்தே அவை மீட்டுக் கட்டப்பட்டன. யுனெஸ்கோ 1980இல் அந்த மறுகட்டமைப்பையே உலக மரபுச் சின்னமாக ஏற்றது. வார்சாவின் அரச மாளிகையை மீண்டும் எழுப்பும் பணி 1971இல் தொடங்கி, வெளிப்புற வேலை நிறைவடைந்த ஆண்டு 1974. பாஞ்சாலங்குறிச்சி நினைவுக்கோட்டை எழுந்ததும் அதே ஆண்டு. வேறுபாடு ஒன்று உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. வார்சாவிடம் ஓவியங்களும் அளவுகளும் இருந்தன. இங்கே எதிரியின் குறிப்புகளும் மக்களின் கதைப்பாடல்களுமே மிஞ்சியிருந்தன. ஆகவே வார்சாவில் நிற்பது ஒரு நகரத்தின் பிரதி, பாஞ்சாலங்குறிச்சியில் நிற்பது ஒரு நினைவின் வடிவம். இதைத் தெரிந்துகொண்டு பார்க்கிறவருக்கு 1974இன் கட்டடமும் வரலாற்றுச் சான்றாகிறது. அது சொல்வது பதினெட்டாம் நூற்றாண்டைப் பற்றியல்ல, இருபதாம் நூற்றாண்டுத் தமிழர் அந்த நூற்றாண்டை எப்படிக் கற்பனை செய்தார்கள் என்பதை.

கயத்தாறும் ஓட்டப்பிடாரமும்

திருநெல்வேலியிலிருந்து மதுரை நெடுஞ்சாலையில் வருவோர்க்குக் கயத்தாறு முதலில் வந்துவிடுகிறது. போகிற வழிதானே என்று வண்டியை நிறுத்திவிடுவார்கள். இந்த வரிசையைத் தவிர்க்க வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டுத் தொடக்கத்துக்குப் போகும் குடும்பத்துக்கு இரண்டு இடமும் பயன்படாது. பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து ஓட்டப்பிடாரம் வந்து மணியாச்சிப் பக்கமாகக் கயத்தாறு போவதே சரியான போக்கு. தூக்கிலிட்ட புளியமரம் இன்று இல்லை. கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன் அவ்விடத்தில் நிலம் வாங்கிச் சிலை நிறுவினார். பின்னர் அரசும் மணிமண்டபம் அமைத்தது. நடிகர் ஒருவர் தாம் நடித்த பாத்திரத்துக்கு, அந்தப் பாத்திரம் இறந்த இடத்திலேயே சொந்தச் செலவில் சிலை வைத்தது வேறெங்கும் எளிதில் கேள்விப்படாத செய்தி. அங்கிருந்து தலையை நிமிர்த்தினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காற்றாலைகள் தெரியும். காற்றாலை இயந்திரங்களைச் சோதிக்க டென்மார்க் உதவியுடன் அமைந்த ஆய்வு நிலையமும் கயத்தாற்றில் இருக்கிறது. வரலாற்றில் சலிப்புத் தட்டிய பிள்ளைகளுக்கு இது நல்ல இடைவேளை.

மணியாச்சி ரயில் சந்திப்பு ஓட்டப்பிடாரம் வட்டத்தைச் சேர்ந்தது. திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷை 1911 ஜூன் 17ஆம் நாள் வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றது இங்கே நின்ற ரயில் பெட்டியில். நிலையம் இப்போது வாஞ்சி மணியாச்சி என்றே வழங்குகிறது. பார்ப்பதற்கு நடைமேடையைத் தவிர எதுவும் இல்லை என்பதால் இங்கே தனியாக வண்டி எடுத்துப் போவதைவிட, கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக்கு ரயிலில் போகும்போது நிலையம் வருமுன் பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லி வைப்பது மேல்.

அந்தச் சம்பவத்துக்கு மூன்றாண்டு முன் நடந்தவை ஓட்டப்பிடாரத்துக்கு நேராக இட்டுச் செல்கின்றன. வ.உ. சிதம்பரனார் 1872 செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்த ஊர் இது. பாஞ்சாலங்குறிச்சி தாக்கப்பட்ட அதே தேதி, எழுபத்து மூன்றாண்டு கழித்து. அவர் பிறந்த இல்லம் நினைவகமாகவும் நூலகமாகவும் பராமரிக்கப்படுகிறது. 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயக் கம்பெனியின் ஏகபோகத்தை உடைக்க முயன்றது. அதன் கப்பல்களில் ஒன்றான காலியா பிரான்சிலிருந்து வாங்கப்பட்டது. 1908 மார்ச்சில் கைது, ஜூலையில் தண்டனை, பின் கோவைச் சிறையில் செக்கு. 1911இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. கடல் இல்லாத, ஆறும் இல்லாத ஒரு கரிசல் ஊரில் பிறந்தவர் கப்பல் விட்டார் என்பதை வீட்டு வாசலில் நின்று சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். நேரமுள்ளோர் பக்கத்திலுள்ள கவர்னகிரிக்கும் போய், பாஞ்சாலங்குறிச்சிப் படைத்தளபதி சுந்தரலிங்கனாரின் மணிமண்டபத்தைப் பார்க்கலாம்.

எட்டயபுரத்தில் வயலின்

கட்டபொம்மன் படத்தைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் எட்டயபுரத்துக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி எல்லாருக்கும் தெரிந்ததே. காட்டிக் கொடுத்த ஊர் என்ற ஒற்றை முத்திரையோடு இந்த ஊரைக் கடந்துபோவது பெரிய இழப்பு. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கிய தர்கா இங்கே இருக்கிறது. சுப்பிரமணிய பாரதி 1882 டிசம்பர் 11ஆம் நாள் பிறந்த வீடும், கல்கி முன்னின்று பொதுமக்களிடம் நிதி திரட்டி எழுப்பி 1947இல் ராஜாஜி திறந்துவைத்த பாரதி மணிமண்டபமும் இங்கே இருக்கின்றன. கர்நாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டுத் தீபாவளியன்று மறைந்ததும் இவ்வூரிலேயே. அவர் சமாதிக்கு இன்றும் இசைக்கலைஞர்கள் வந்து பாடுகிறார்கள். ஓர் இஸ்லாமியப் புலவர், ஒரு சங்கீத வித்துவான், ஒரு மகாகவி என மூவரும் ஒரே அரண்மனையின் நிழலில் வந்து சேர்ந்த ஊர் தமிழகத்தில் வேறொன்றைக் காட்டுவது கடினம்.

ஐரோப்பாவை நினைத்துக்கொண்டு பயணம் செய்யும் குடும்பம் இங்கே சற்று அதிக நேரம் நிற்கலாம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய இசைக்கலைஞரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்கு ஏற்றபடி பழக்கி, பின் எட்டயபுரம் அரசவை வித்துவானாக அமர்ந்தவர். இத்தாலியின் கிரெமோனா போன்ற நகரங்களில் முழு வடிவம் பெற்ற கருவி, தரையில் சம்மணமிட்டு அமர்ந்து வாசிக்கும் கருவியாக மாறியதில் இந்தச் சிற்றூருக்குப் பங்கு உண்டு. அண்ணனும் ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வரம் எனப்படும் அந்த வகையில் 'சந்ததம் பாஹிமாம்' என்ற பாடல் பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில் அமைந்தது. வண்டியில் போகும்போது இரண்டையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒற்றுமையைக் கண்டுபிடித்துவிடும். பாலுசாமியின் பேரனும் தத்துப் பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர் எழுதிய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூலும் 1904இல் எட்டயபுரத்தில்தான் அச்சாகி வெளிவந்தது.

கழுகுமலையும் காமநாயக்கன்பட்டியும்

கோவில்பட்டிக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள கழுகுமலைக்கு விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பாறையில் கால் வைக்க முடியாது. மலைச் சரிவிலுள்ள வெட்டுவான்கோயில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. இது ஒற்றைக்கல் தளி, அதாவது கல்லடுக்கிக் கட்டாமல் மலைப்பாறையையே சுற்றிலும் வெட்டி இறக்கி, நடுவில் நின்ற பாறையைக் கோயிலாகச் செதுக்கியது. வேலை சிகரத்திலிருந்து கீழ்நோக்கி நடந்திருக்கிறது. மேற்பகுதி நிறைவடைந்து அடிப்பகுதி வெறும் பாறையாகவே விடப்பட்டிருக்கிறது. உளி எங்கே நின்றதோ அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டலாம். முடிந்துபோன கோயில்கள் மறைத்துவிடுகிற கட்டுமான முறையை முடியாத இந்தக் கோயில் திறந்து காட்டுகிறது. விமானத்தின் தென்புறம் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகளுக்கு விளையாட்டாகவும் இருக்கும்.

அதே மலையில் சமணர் வரிசை வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பங்கள், பழைய தமிழ் எழுத்து வடிவமான வட்டெழுத்தில் அமைந்த கல்வெட்டுகளோடு இருக்கின்றன. குரத்தியர் எனப்பட்ட சமணப் பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அக்கல்வெட்டுகளில் வருகின்றன. ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன் இந்த வறண்ட மலையில் பெண்கள் ஆசிரியராக இருந்தார்கள் என்பதற்குக் கல் சாட்சி.

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி பெரும்பாலான சுற்றுலாப் பட்டியல்களில் இடம்பெறுவதில்லை, அது நியாயமல்ல. தேம்பாவணி இயற்றிய வீரமாமுனிவர் தமிழகம் வந்த தொடக்க ஆண்டுகளில் பணியாற்றிய தலம் இது. பரலோக மாதா ஆலயம் இன்றும் கரிசல் கிறித்தவர்களின் பெரிய திருத்தலம். வீரமாமுனிவர் 1680இல் பிறந்த காஸ்தில்யோனே என்ற சிற்றூர் வட இத்தாலியில் கார்டா ஏரிக்குத் தெற்கே இருக்கிறது.

கோவில்பட்டியில் பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவையில்லை, கடலை மிட்டாய் போதும். கரிசல் நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, வெல்லப்பாகு பதம் வந்ததும் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் பலகையில் பரப்பித் தேய்த்துத் துண்டு போடும் இந்தத் தின்பண்டம் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. திருநெல்வேலிச் சாலையில் சற்றுத் தெற்கே போனால் இடைசெவல்: கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். ஒரே சிற்றூரில் பிறந்த இரண்டு நண்பர்களும் சாகித்திய அகாதமி பரிசு பெற்றவர்கள். 'கோபல்ல கிராமம்' படித்த பெற்றோர் அங்கே பத்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் கிளம்புவார்கள். படிக்காதவர்களை அதற்காகக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

கடற்கரைக்கு

மூன்றாம் நாள் தூத்துக்குடி. முத்துக்குளித்துறைப் பரதவர் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாகக் கிறித்தவராயினர்; 1542இல் பிரான்சிஸ் சேவியர் வந்தார்; 1658இல் டச்சுக்காரர் ஊரைக் கைப்பற்றினர்; 1825இல் அது முடிவாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. பனிமய மாதா பேராலயம் இந்த மாற்றங்களையெல்லாம் தாண்டி நிற்கிறது. பனியையே பார்த்தறியாத உப்பளக் கரையில் பனியின் பெயரால் ஒரு மாதா இருப்பதற்குக் காரணம் ரோமில் இருக்கிறது. எஸ்குலைன் குன்றில் கோடை நாளொன்றில் பனி பெய்து கோயிலுக்கு இடம் காட்டியதாகப் பழங்கதை. அங்கே எழுந்த சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்தில் ஆகஸ்ட் 5ஆம் நாள் கூரையிலிருந்து வெள்ளை இதழ்களைப் பொழிந்து அதை நினைவுகூர்கிறார்கள். தூத்துக்குடியில் ஜூலை 26இல் கொடியேறும் திருவிழா நிறைவடைவதும் அதே ஆகஸ்ட் 5.

பேராலயத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் மக்ரூன் வாங்காமல் எந்தக் குடும்பமும் திரும்புவதில்லை. ஐரோப்பாவில் பாதாம் பருப்பில் செய்யப்படுவது இங்கே முந்திரிக்கு மாறியது. முட்டையின் வெள்ளைக்கருவைச் சீனியோடு நுரைக்க அடித்து, முந்திரித் தூள் கலந்து, கூம்பாகச் சொட்டவிட்டு, மிதமான சூட்டில் நெடுநேரம் உலர்த்துகிறார்கள். கையில் எடுத்தால் கனமே தெரியாது, வாயில் போட்டால் உடனே கரைந்துவிடும். எளிதில் நொறுங்குவது என்பதால் ஊருக்குக் கொண்டுபோவோர் பெட்டியின் மேலடுக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நேரம் மிஞ்சினால் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர். இறந்தோரையும் அவர்கள் பொருளையும் பெரிய மண்பானைகளில் வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழிகளின் பரந்த காடு இது. பெர்லினைச் சேர்ந்த யாகோர் 1876இல் இங்கே தோண்டிப் பொருட்களைத் தம் நகரத்துக்குக் கொண்டுபோனார். பின் அலெக்சாந்தர் ரீ விரிவாக அகழ்ந்தார். பாரிசிலிருந்து லாப்பிக் என்பவரும் வந்து சிலவற்றை எடுத்துச் சென்றார். இப்போது இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்த குழிகளைக் கண்ணாடித் தளமிட்டு மூடி, மேலே நடந்தபடி தாழிகளைக் கிடந்த இடத்திலேயே பார்க்க வழி செய்திருக்கிறது. காலவரிசைப்படி இது முதலில் வரவேண்டிய இடம். ஆனால் பாஞ்சாலங்குறிச்சியின் செங்கல் வரிசைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மண்ணுக்கடியில் கிடப்பதைப் படிக்கும் பொறுமை கூடியிருக்கும் என்பதால் கடைசியில் வைப்பதில் தவறில்லை.

இந்த மூன்று நாளை முடித்தபின் ஐரோப்பாவுக்கும் போக எண்ணுகிற குடும்பம், வெரோனாவிலிருந்து பிரெஷியா போகும் நாளில் வீரமாமுனிவர் பிறந்த காஸ்தில்யோனேவுக்கு அரை நாள் ஒதுக்கலாம். ரோமில் சாந்தா மரியா மஜ்ஜோரே ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் 5 தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறைக்குள் வராது. ஆனால் பேராலயத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை, ஆண்டு முழுவதும் திறந்திருக்கும்.